நிருபமா பேரில் வாங்கிய கார்

பொம்மனஹள்ளி, பெங்களூர்
14-6-1996

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாள் அலர்மேல்மங்கை அவர்களுக்கு,

வேதநாயகி எழுதும் வணக்கம். ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நானும் என் மகன் சாமிநாதனும் சுகம். வேலூரில் தாங்களும், மாப்பிள்ளை இளங்கோவனும், என் பேத்தி நிருபமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

கார் வாங்கியாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நிச்சயதார்த்தத்தன்று கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது தாங்கள் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "சின்னக் காரா? என் பையன் தோல் கம்பெனியில மேனேஜருங்க. தீப்பெட்டிக்குள்ள கால மடக்கிக்கினு போய் எறங்கினா எவன் எழுந்து நிப்பான்? குடுக்கறத பெருசா, பாரின் வண்டியா, நாலு பேரு திரும்பிப் பாக்கறாப்ல குடுங்க." சாமிநாதன் முகம் செத்துப்போயிற்று. ஆகட்டும் என்று சொன்னவள் நான். பொம்மசந்திரா தொழிற்சாலை ஆட்களுக்கு இத்தனை வருஷமாய் மெஸ் நடத்திச் சோறு போடுகிறவள், ஒரு சொல் சொன்னால் மாற்றமாட்டேன்.

வண்டி அமெரிக்கா வண்டி. பியூக் என்று பெயர். கரும்பச்சை நிறம். மல்லேஸ்வரத்தில் மின்சார இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற சீனிவாசராகவன் என்பவருடையது. பின் சீட்டில் நான் முழுசாய்ப் படுத்துப் பார்த்தேன், கால் கதவில் இடிக்கவில்லை. பொத்தானைத் தொட்டால் ஜன்னல் தானே இறங்குகிறது. ஈஜிபுரா மெக்கானிக் ரகுவைக் கூட அழைத்துப்போனேன். முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சும்னே சொல்லல ஆயா, இதுக்குள்ள ஆளு எறங்கி நின்னு வேல செய்யலாம்" என்று கன்னடத்தைக் கலந்து சொன்னான்.

பெரியவர்தான் இழுத்தார். "ஏம்மா, ஸ்டியரிங் இடது பக்கம். யாரு ஓட்டப்போறா?"

"எங்க மாப்பிள்ள."

"பழக்கம் இருக்கா அவருக்கு? பெட்ரோல் வேற தண்ணியா குடிக்கும்."

"விக்கறவரு இத்தன குத்தம் சொன்னா வாங்கறவ என்னத்த சாமி பேரம் பேசறது?" என்றேன். சிரித்துவிட்டார்.

நகையும் பாத்திரமும் கொடுத்த மாதிரி வண்டியையும் நிருபமா பேரிலேயே எழுதியிருக்கிறேன். ரகு நல்ல நாள் பார்த்து ஓட்டி வருவான். பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

நிருபமாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கல்யாணமாகிப் போன பிறகு கடிதமே இல்லை. "கார் எதுக்கு ஆயா, கேக்கறவங்க வீட்டுக்கு நான் எதுக்கு?" என்று ஆரம்பத்திலிருந்தே முணுமுணுத்தாள். தாயில்லாமல் என் கையில் வளர்ந்தவள், செல்லம் அதிகம். போகப் போகச் சரியாகிவிடும்.

இப்படிக்கு,
வேதநாயகி


வேலூர்
8-7-1996

சம்பந்தி அம்மாள் வேதநாயகி அவர்களுக்கு,

அலர்மேல்மங்கை வணக்கம். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. எழுத விடமாட்டேன் என்கிறது நீங்கள் அனுப்பிய கார்.

வெள்ளிக்கிழமை எங்கள் தெரு முனையில் வந்து நின்றது. திரும்பவில்லை. உங்கள் ரகு முன்னால் போனான், பின்னால் வந்தான். இட்லிக் கடை பெஞ்சை எடுக்கச் சொன்னான், பால்காரர் சைக்கிளை எடுக்கச் சொன்னான், கடைசியில் மூலை வீட்டுப் படிக்கட்டை இடிக்க விடுவார்களா என்று கேட்டான்! பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு, "இன்னா அலமேலு, ஹார்பர்ல நிக்கவேண்டியது இங்க வந்துகீது?" என்கிறாள். எதிர்வீட்டு பிரிஜெட் டீச்சர் வாய்க்குள்ளேயே சிரித்தார். அது அதைவிட மோசம்.

ஒருவழியாய் உரசிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்ததும் இளங்கோவன் புதுச் சட்டை போட்டு, மாலையோடு வந்து, வலது பக்கக் கதவைத் திறந்து கம்பீரமாய் உட்கார்ந்தான். பிடிக்க ஸ்டியரிங் இல்லை. தெருவே சிரித்தது. என் பிள்ளையைப் பார்த்து இந்தத் தெரு இதுவரை சிரித்ததில்லை.

பழைய கார்! இன்னொருத்தர் உட்கார்ந்து தேய்த்த மெத்தை! கல்யாணத்துக்குப் பழைய புடவையா எடுத்தீர்கள்? பழைய தாம்பாளத்திலா சீர் வைத்தீர்கள்? டாக்டர் வீட்டுச் சம்பந்தத்தை விட்டுவிட்டு உங்கள் வீட்டில் பெண் எடுத்தோம்.

அதோடு, மாப்பிள்ளைக்கென்று கொடுக்கிற காரை மருமகள் பேரில் எழுதுவது எந்த ஊர் வழக்கம்? பெங்களூரில் அப்படியா? எங்கள் பக்கம் இல்லை.

வண்டி உள்ளே நுழையாது. வாசலில் பாதியும் சாக்கடை மேல் பாதியுமாய் நிற்கிறது. என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதவும்.

நிருபமா இருக்கிறாள்.

அலர்மேல்மங்கை


பொம்மனஹள்ளி
13-7-1996

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் கடிதம் வந்தது. உடம்பு சுகமா என்று நான் கேட்டதற்குக் காரின் சுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை.

பெருசாகக் கேட்டீர்கள். இதைவிடப் பெருசு லாரிதான். பாரின் கேட்டீர்கள். அமெரிக்காவைத் தாண்டி எந்த பாரினுக்கு நான் போவது? நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றீர்கள். தெருவே பார்த்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேட்டது மூன்று, கொடுத்தது மூன்று. புதுசாக வேண்டும் என்று கூடத்தில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே எழுந்து வந்திருப்பேன்.

ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தால் என்ன? மேனேஜர் வேலை பார்க்கிறவர் இடது பக்கம் கற்றுக்கொள்ள மாட்டாரா? எங்கள் மெஸ்ஸில் மாவாட்டுகிற பாமாகூட ஒரே வாரத்தில் மூன்று பாஷை பேசக் கற்றுக்கொண்டாள்.

அவள் பேரில் இருப்பதில் மாற்றம் இல்லை. பெண்ணுக்குக் கொடுத்தது பெண்ணுக்கு.

"நிருபமா இருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? என் விலாசம் எழுதிய இன்லேண்ட் கவர்களை அவள் பெட்டியிலேயே போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்றுகூட வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கினவளுக்கு எனக்கு எழுத ஒரு வரி வராதா?

ஆடி பிறக்கப்போகிறது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் வழக்கம் எங்கள் பக்கமும் உண்டு, உங்கள் பக்கமும் உண்டு. சாமிநாதன் சீர்த்தட்டோடு வருகிறான். அவளை அனுப்பிவையுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

வேதநாயகி


வேலூர்
12-8-1996

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு முழங்கால் வலி குறையவில்லை. இளங்கோவனுக்கு வாசலைப் பார்த்தாலே தலைவலி. ஆபீசுக்குப் பின்வாசல் வழியாகப் போகிறான்.

உங்கள் மகன் வந்தார். மரியாதையாகத்தான் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டோம். கார் விஷயம் தீராமல் ஆடிக்குப் பெண்ணை அனுப்புவதாக இல்லை என்று இளங்கோவன் சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

விஷயத்தைத் தீர்க்க வழியும் நாங்களே கண்டுபிடித்தோம். மெட்ராஸில் படப்பிடிப்புக்குப் பழைய கார்கள் கொடுக்கிற ஒருவர் வந்து பார்த்தார். எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். வருகிற பணத்தோடு நீங்கள் கொஞ்சம் போட்டால் இளங்கோவன் தனக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்வான். கையெழுத்து வேண்டும். உங்கள் பேத்தி போடமாட்டேன் என்கிறாள்!

"ஏன்டி போடமாட்ட?" என்று கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வாசலுக்குப் போய்க் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள். தெருவில் போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்கள். ஒரு வீட்டு மருமகள் செய்கிற காரியமா? நீங்கள் சொல்லிக்கொடுத்து அனுப்பியதா?

கையெழுத்துப் போடச் சொல்லிக் கண்டிப்பாய் ஒரு கடிதம் எழுதுங்கள். அது ஒன்றைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறோம்.

அலர்மேல்மங்கை


பொம்மனஹள்ளி
17-8-1996

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். நான் சுகம். சாமிநாதன் சுகமில்லை. வேலூரிலிருந்து வந்த நாளிலிருந்து சரியாய்ச் சாப்பிடுவதில்லை. என்ன நடந்தது என்று நான் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

பெற்ற தகப்பன் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். பெண் எங்கே என்றால் குளிக்கிறாள் என்றீர்களாம். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் தூங்குகிறாள் என்றீர்களாம். பிறகு அவளுக்குத் தலைவலி, வெளியே வரமாட்டாள் என்றீர்களாம். கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது அம்மா என்று சொல்லிவிட்டு அழுகிறான், ஐம்பது வயது ஆண்பிள்ளை. சாப்பாடு போட்டதாய் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் தினமும் இருநூறு பேர் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டுக்கு அவன் உங்கள் வீட்டுக்கு வரவில்லை.

ஆடி போயே போய்விட்டது. ஆடிக்குப் பெண்ணைக் கண்ணில் காட்டாத சம்பந்தத்தை என் வயசுக்கு நான் பார்த்ததில்லை.

கையெழுத்துப் போடச் சொல்லி எழுதமாட்டேன். நீங்களும் நானும் அடித்துக்கொள்ளலாம், அவள் பொருளை அவள் விற்கவேண்டியதில்லை.

ஆனால் காருக்குள் போய் உட்காருவது தப்பு. அதைக் கேட்டதும் எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. நான் சொன்னதாகச் சொல்லுங்கள், வீட்டுக்குள் இருக்கச் சொல்லுங்கள்.

வேதநாயகி


வேலூர்
2-9-1996

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னிக்கவும்.

நீங்கள் சொன்னதாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறுநாள் ஒரு தலையணை, ஒரு போர்வை, ஒரு தண்ணீர்ச் செம்பு எடுத்துக்கொண்டு காருக்கே குடிபோய்விட்டாள். ஆமாம், குடிபோய்விட்டாள். நான் பொய் எழுதவில்லை. அங்கேயே படுக்கை. குளிக்கவும் மற்றதற்கும் எதிர்வீட்டு பிரிஜெட் டீச்சர் வீடு. அந்த அம்மாள் கதவைத் திறந்து விடுகிறார், சோறும் கொடுக்கிறார். நான் போய்ச் சண்டை போட்டேன். "அலமேலம்மா, அவ ரோட்டுல இல்ல, அவ கார்ல இருக்கா. அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்கிறார், ஒரு டீச்சர்!

கார்ச் சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்து மாட்டிக்கொண்டிருக்கிறாள். இளங்கோவன் கதவைத் தட்டினால் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். கண்ணாடியை உடைக்கிறேன் என்றான். தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள், உள்ளே வந்துவிட்டான். பேட்டரியை மட்டும் கழற்றி வைத்திருக்கிறான்.

சாயங்காலமானால் பக்கத்துத் தெருவிலிருந்து பெண்பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள். கண்காட்சியாகிவிட்டது எங்கள் வாசல். எதற்காக இப்படிச் செய்கிறாள் என்று எனக்குத் தெரியவே இல்லை. இந்த வீட்டில் அவளுக்கு என்ன குறை? காரணம் ஒன்றும் இல்லை. சுத்தமாக இல்லை.

உடனே எழுதி அவளை வீட்டுக்குள் வரச் சொல்லுங்கள்.

அலர்மேல்மங்கை


பொம்மனஹள்ளி
6-9-1996

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு வணக்கம்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சாமிநாதனிடம் காட்டவில்லை.

இத்துடன் நிருபமாவுக்கு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, நீங்களும் படிக்கலாம். உடனே உள்ளே போ, கையெழுத்துப் போடாமலே இரு, ஆனால் வீட்டுக்குள் இரு, என் பெயரைச் சந்தியில் நிறுத்தாதே என்று எழுதியிருக்கிறேன். மெஸ்காரி வளர்த்த பெண் வாசலில் படுத்திருக்கிறாள் என்று நாளைக்கு இங்கே தெரிந்தால் ஓசூர் ரோட்டில் நான் எப்படி நடப்பேன்?

அவளுக்கு என் கோபம் தெரியும். போய்விடுவாள்.

வேதநாயகி


வேலூர்
15-9-1996

அன்புள்ள ஆயாவுக்கு,

நிருபமா எழுதுவது. நான் நலம். நீயும் அப்பாவும் நலமா? பாமாக்காவுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா? மெஸ்ஸுக்குப் புது கிரைண்டர் வாங்கப்போவதாகச் சொன்னாயே, வாங்கியாகிவிட்டதா?

உன் சீட்டு வந்தது. கார் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போனார்கள். முன்பு நான் எழுதிய மூன்று கடிதங்களையும் தபாலில் போட அத்தையிடம் கொடுத்திருந்தேன். உனக்கு வரவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. இதை பிரிஜெட் டீச்சர் அவர் கையாலேயே போடுகிறார்.

இங்கே எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வண்டியில் இடம் தாராளம். பேட்டரி இல்லாததால் ஜன்னல் இறங்குவதில்லை. ஒரு ஜன்னல் மட்டும் நாலு விரல் திறந்தபடி நின்றுவிட்டது, அதில்தான் காற்று. கொசு வருகிறது. உன்னிடம் பழைய கொசுவலை இருந்தால் ஒரு துண்டு வெட்டி அனுப்பு. ஜன்னல்களுக்குக் கட்டக் கனமான துணியும் வேண்டும், வெளியே நின்று பார்க்கிறார்கள்.

கண் இப்போது தெளிவாகத் தெரிகிறது. எழுத்து எழுத்தாகப் படிக்க முடிகிறது. வீக்கம் நன்றாக வடிந்துவிட்டது என்று டீச்சர் சொன்னார். அதனால் நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே.

உள்ளே போகச் சொல்லியிருக்கிறாய். உன் பேச்சை நான் தட்டியதில்லை. இதை மட்டும் கேட்காதே ஆயா.

அப்பாவிடம் இதைக் காட்ட வேண்டாம்.

உன் அன்புள்ள,
நிருபமா


வேலூர், தங்கள் வீட்டு வாசல்
காருக்குள்ளிருந்து
20-9-1996

அலர்மேல்மங்கை அம்மாளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். அங்கே, உள்ளே, நீங்களும் உங்கள் பிள்ளையும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்பது தெரிகிறது. உங்கள் வாசற்படி மிதிக்கக்கூடாது என்று வந்திருப்பதால் இதை பிரிஜெட் டீச்சர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குச் சிரமம் கொடுக்கிறேன், உங்களுக்கு இல்லை.

காலையில் வந்து கண்ணாடியைத் தட்டினேன். அவள் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்தே, "உள்ள போன்னு சொல்ல வந்தியா ஆயா?" என்றாள்.

"இல்லடி. நவுந்து உக்காரு. எனக்கு எடம் உடு" என்றேன்.

இப்போது அவள் கண்ணுக்கு ஒரு முழம் தூரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இடது கண்ணுக்குக் கீழே இன்னும் மஞ்சளாய் இருக்கிறது. தோளில் ஒன்று இருக்கிறது, அதைக் காட்டமாட்டேன் என்றாள், நான் காட்டவைத்தேன். காரணமே இல்லை என்று எழுதினீர்கள். "சுத்தமாக இல்லை" என்று எழுதினீர்கள்! அதை எழுதும்போது உங்கள் கை பேனாவை எப்படிப் பிடித்தது? அவள் தகப்பன் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தானே, அன்றைக்கு அவளை ஏன் கண்ணில் காட்டவில்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது. தலைவலி என்றீர்கள். தலைக்கு வலி எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

ஒரு கையெழுத்துக்கு! ஒரு பழைய காருக்கு! கழுதையைக்கூட என் வீட்டில் இப்படி அடித்ததில்லை.

ரகு பெங்களூரிலிருந்து புது பேட்டரியைக் கொண்டுவந்திருக்கிறான். மாட்டிக்கொண்டிருக்கிறான். அவன் மாட்டி முடிப்பதற்குள் அவள் பெட்டி, நகை, அவளுடைய பள்ளிக்கூடச் சர்டிபிகேட் எல்லாம் வாசலுக்கு வரவேண்டும். வராவிட்டால் மகளிர் காவல் நிலையத்துக்கு டீச்சர் வழி சொல்லியிருக்கிறார். அந்த ரோடு அகலமாம். இந்தக் கார் தாராளமாய்த் திரும்புமாம்.

வேதநாயகி


உள்ளிருந்து
20-9-1996

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

பெட்டியும் மற்றதும் வாசலில் வைத்தாகிவிட்டது. எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்.

தெரு முழுக்கப் பார்க்கிறது. ஒரு நிமிஷம் உள்ளே வந்து ஒரு வாய் காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சம்பந்தி வந்துபோனார் என்றாவது இருக்கட்டும். அவன் கோபக்காரன், ஒரு அடி அடித்துவிட்டான். என் வீட்டுக்காரர் அடிக்காத அடியா? நான் என்ன காருக்குள்ளா போய் உட்கார்ந்தேன்? எனக்கு யாரும் கார் வாங்கிக் கொடுக்கவில்லை.

கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள்.

அலர்மேல்மங்கை


வேலூர்
26-10-1996

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

அலர்மேல்மங்கை அநேக வணக்கம். இங்கே நானும் இளங்கோவனும் சுகம். தாங்களும், மகனும், எங்கள் மருமகளும் சுகமாய் இருக்க வேலூர் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு நான் கொடுத்தனுப்பிய காபியைத் திருப்பி அனுப்பினீர்கள். அதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

தலைதீபாவளி வருகிறது. கல்யாணமான முதல் தீபாவளிக்கு மாப்பிள்ளை மாமனார் வீட்டில் இருக்கவேண்டும். ஊரில் பார்க்கிற ஆளெல்லாம், "இன்னா அலமேலு, புள்ள எப்ப பெங்களூர் போறான்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? வழக்கப்படி நீங்கள் பழம் பாக்கோடு வந்து அழைக்கவேண்டியது. உங்கள் மனசு எனக்குத் தெரியும், அதனால் கடிதமாய் அழைத்தால்கூடப் போதும். அவன் மாறிவிட்டான். கார் வேண்டாம், மன்னித்துவிட்டேன் என்று அவனே சொன்னான். ஒரு கை பட்டதைப் பெரிசுபடுத்தாமல் நல்ல நாளில் இரண்டு பேரையும் சேர்த்துவையுங்கள்.

ஒரே ஒரு விஷயம். தலைதீபாவளி மாப்பிள்ளை பஸ்ஸில் வந்து பொம்மனஹள்ளியில் இறங்கினால் நன்றாய் இருக்காது என்று நினைக்கிறான். அந்தக் காரையே ரகுவோடு அனுப்பிவைத்தால் தெருவில் நாலு பேர் பார்க்க ஏறிக்கொண்டு வந்துவிடுவான். போன மானம் கொஞ்சமாவது திரும்பும். தாங்கள் இதைச் செய்வீர்கள் என்று நம்புகிறேன்.

அலர்மேல்மங்கை


பொம்மனஹள்ளி
2-11-1996

அத்தை அவர்களுக்கு,

நிருபமா வணக்கம். இங்கே நாங்கள் எல்லாரும் நலம். அப்பா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார்.

ஆயாவுக்கு நீங்கள் எழுதிய கடிதத்துக்கு நான் பதில் எழுதுகிறேன். ஆயாதான் முதலில் உட்கார்ந்தார். மூன்று தாள் கிழித்தார். மூன்றிலும் வசவு மட்டும்தான் இருந்தது. "எழுத எழுத எனக்கு ரத்தம் கொதிக்குது, நீயே எழுதிக்கடி. எப்டி எழுதினாலும் நான் படிச்சுப் பாக்க மாட்டேன்" என்று பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தலைதீபாவளிக்கு இங்கிருந்து அழைப்பு வராது. அடுத்த தீபாவளிக்கும் வராது. நான் அங்கே வரப்போவதில்லை.

ஒரு அடி, ஒரு கை என்று இரண்டு கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பக்கத்து அறையில்தான் இருந்தீர்கள். ஒவ்வொரு முறையும் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தவர் நீங்கள்தான். அவர் மேல் இருப்பதைவிட உங்கள் மேல் எனக்குக் கோபம் அதிகம். ஏனென்றால், எப்போது கூட்டவேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்களுக்கு யாரும் கார் வாங்கிக் கொடுக்கவில்லை என்று அன்று எழுதினீர்கள். அதை ஆயா எனக்குப் படித்துக்காட்டினார். நான் அதை வாங்கி மடித்து என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

அவர் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே கடிதத்தில் காரை அனுப்பச் சொல்லியிருக்கிறார். அது இப்போது கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகிறது. ரகு ஓட்டுகிறான். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஓசூரிலிருந்துகூடக் கேட்டு வருகிறார்கள். பூ வைத்துக் கட்டினால் நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று நான்தான் முடிவு சொல்கிறேன். அவருக்கு அதில் ஏற ஆசை விடவில்லை என்றால், வேறு கல்யாணம் ஏற்பாடானதும் வாடகைக்குக் கேட்டுப் பார்க்கட்டும்.

கேட்டாலும் கொடுக்கமாட்டேன். கடிதம் எழுத அந்தப் பெண்ணின் வீட்டு விலாசம் மட்டும் வாங்கிக்கொள்வேன்.

வேறு விசேஷம் இல்லை.

நிருபமா